இரண்டு எர்த்

மாசி மாதத்தின் பனி விழும் விடியற்காலைகளில் எங்கள் ஊர் மின்கம்பங்கள் சீறும். வேதாரண்யத்துக்காரர்களுக்கு அது பழகிய சத்தம். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களின் மேல் அடித்துவரும் காற்று, கம்பத்து உச்சியிலுள்ள பீங்கான் இன்சுலேட்டர்களில் மாதக்கணக்கில் உப்பைப் பூசி வைத்திருக்கும். காய்ந்த உப்பால் தொல்லை இல்லை. பனி இறங்கி அது நனைந்ததும் மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து கசியத் தொடங்கும். ஈரம் காய்ந்து இடைவெளி விழும் இடத்தில் பொறி தாவும். இருட்டில் அண்ணாந்து பார்த்தால் நீலமாகத் தெரியும். தெருவுக்கு அது சின்னச் சீறல், அவ்வளவுதான். 7 மெகாஹெர்ட்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரனுக்கோ, அது தொடங்கிவிட்டால் வேறு எதுவும் கேட்காது.

எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் தந்தி சார். மோர்ஸ் சங்கேதத்தைக் காதில் ஏற்றி, உரிமத் தேர்வுக்கு அனுப்பி, அவருடைய ரிக்கின் முன்னால் என்னை உட்காரவைத்தார். அமெச்சூர் ரேடியோக்காரர்களான ஹாம்கள் நாங்கள் எங்கள் கருவியை ரிக் என்றுதான் சொல்வோம். எனக்கென்று சொந்த ரிக் அப்போது கிடையாது. அவர் வீட்டு மாடியறையில் இருந்த ஒன்றைத்தான் இருவரும் பயன்படுத்தினோம்.

கம்பத்து இரைச்சலைத் தேடிப்போக அவர் வைத்திருந்த கருவி, கைக்கடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைப்பார். பொறி நொடிக்கு நூறு தடவை தாவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அலைக்கும் மேல் உச்சியில் ஒன்று, கீழ் உச்சியில் ஒன்று. அந்தக் கரகரப்பு ஒரு தடவை காதில் பதிந்துவிட்டால் வேறு எதனோடும் குழம்பாது. ரேடியோவை மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் சத்தம் அடங்கும். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை நேராகச் சுட்டும் திசையில் அது காது கேளாதது. அந்தக் குச்சி சுட்டும் கோட்டில்தான் குற்றவாளி இருக்கிறான். மீடியம் வேவில் கம்பி வழியாகவே வெகுதூரம் இரைச்சல் பயணம் செய்யும் என்பதால், கிட்டே போனபிறகு சிற்றலைக்கு மாற்றுவார். அலைவெண் ஏற ஏற, மூலத்தை நெருங்கினால்தான் கேட்கும். அப்படியே நடந்து நடந்து, எந்தக் கம்பம், எந்த இன்சுலேட்டர் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவார். அவர் காட்டிய கம்பத்தில் லைன்மேன் ஏறித் துடைப்பார், அல்லது தளர்ந்த பிணைப்புக் கம்பியை இறுக்குவார். ஐப்பசி மழை வந்தால் எல்லாக் கம்பங்களும் ஒரே இரவில் கழுவப்பட்டு ஊரே சுத்தமாகிவிடும்.

ஆனால் இரைச்சலைக் கழுவும் அந்த மழைதான் இடியையும் கொண்டுவரும். வீட்டுச் சுவரிலிருக்கும் பிளக் வழியாக வரும் மின்சாரம் தனியாக வருவதில்லை என்பதை அவரிடம்தான் கற்றேன். அந்தக் கம்பி ஊர் முழுக்கப் படர்ந்த ஒரு பெரிய ஆண்டெனா. தெருவின் அத்தனை அழுக்கையும் அது சுமந்து வரும். எங்கோ விழும் இடியின் வேகத்தையும் சுமந்து வரும். முன்னதற்கு ஃபில்டர், பின்னதற்குப் பாதுகாப்பு. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன என்பது எங்களுக்குப் புரிய ஒரு ரிக் போக வேண்டியிருந்தது.

அந்த ரிக்குக்கு 13.8 வோல்ட் வேண்டும். ஓடும் காரில் பேட்டரி மின்னழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும், அதற்கேற்றபடி செய்யப்பட்ட ரிக்குகள் இவை. பவர் சப்ளையை சாரே கட்டியிருந்தார். கனத்த டிரான்ஸ்பார்மர், பெரிய கெப்பாசிட்டர்கள், அலுமினியத் தகட்டில் வரிசையாக 2என்3055 டிரான்சிஸ்டர்கள். அந்த டிரான்சிஸ்டர்களில் ஒன்று ஷார்ட் ஆனால், உள்ளே இருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட வோல்ட் அப்படியே ரிக்கின் தலையில் இறங்கும். அதற்காக வெளியீட்டில் ஒரு எஸ்.சி.ஆரை வைத்திருந்தார். மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டினால் அது வெளியீட்டையே ஷார்ட் செய்து ஃப்யூஸை எரித்துவிடும். குரோபார் என்பார்கள். ரிக்கைக் காப்பாற்ற ஃப்யூஸைப் பலிகொடுக்கும் அந்தச் சிறு சுற்றை அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார். வெளியிலிருந்து வருவதற்கும் ஏற்பாடு இருந்தது. வானம் கறுத்தால் ஆண்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி, முனையை ஜன்னலோரம் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டுவைப்பார். பழைய ஹாம்களின் வழக்கம் அது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்குப் பாட்டில் ஒரு தடையே அல்ல. ஆனாலும் கேபிளைக் கழற்றவாவது அது நினைவூட்டியது.

2004 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கேபிள் பாட்டிலுக்குள் இருந்தது. சுவரில் சுவிட்சையும் அணைத்திருந்தார். இடி வீட்டில் விழவில்லை, ஆண்டெனா கட்டிய தென்னையிலும் விழவில்லை. உப்பளம் பக்கம் எங்கோ லைனில் விழுந்தது. மறுநாள் ரிக் எழுந்திருக்கவில்லை.

எங்களைக் குழப்பியது, வீட்டில் வேறு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான். ஃபேன் ஓடியது, ஃப்ரிட்ஜ் ஓடியது, டியூப் லைட் எரிந்தது. வீட்டிலேயே அதிக ஜாக்கிரதையோடு பார்த்துக்கொள்ளப்பட்ட பொருள் மட்டும் செத்துக் கிடந்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கருகிய கோடு பவர் கேபிளின் நெகட்டிவ் முனையில் தொடங்கி, பலகைகளின் செம்புத் தடங்களைப் பிய்த்துக்கொண்டு, பின்பக்கம் இருந்த எர்த் திருகில் போய் முடிந்தது. அந்தத் திருகிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக இறங்கி, கொல்லையில் தென்னையடியில் அடித்திருந்த தனி எர்த் குழாய்க்குப் போனது. வீட்டு எர்த் குழியோ வாசல் பக்கம், மீட்டர் பெட்டிக்குக் கீழே.

சார் வெகுநேரம் அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “உள்ளே வந்தது எர்த்தைத் தேடித்தான் தம்பி வந்திருக்கு. நாம ரெண்டு எர்த் வச்சிருக்கோம். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போக ரிக்கைப் பாலமாக்கிட்டோம்.”

விஷயம் அதுதான். லைனில் வந்த வேகம் வீட்டு எர்த்தில் இறங்கும்போது அந்த எர்த்தே ஒரு நொடியின் சிறு துணுக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் உயர்ந்துவிடுகிறது. மண்ணும் ஒரு மின்தடைதானே. கொல்லை எர்த் அப்போது உயரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கம்பி வழியாக இருந்த ஒரே தொடர்பு ரிக். ஃப்ரிட்ஜுக்குக் கொல்லை எர்த் இல்லை, அதனால் அது பிழைத்தது. சுவர் சுவிட்சு ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, அதுவும் சில மில்லிமீட்டர் இடைவெளியில். நியூட்ரலும் எர்த்தும் எப்போதும்போல இணைந்தே இருந்தன. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்றுவரை புதிதாக வரும் ஹாம்களுக்கு நான் முதலில் சொல்வது, சுவிட்சை நம்பாதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள் என்பதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்புப் பெட்டியும் நேரடி இடிக்கு முன்னால் நிற்காது. பிளக் கழன்று, கேபிள் கழன்று, மேஜை மேல் தனியாக இருக்கும் ரிக்தான் பிழைக்கும்.

அந்த ஆண்டு டிசம்பர் 26 காலையில் சுனாமியாகக் கடல் ஏறியது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லை, தொலைபேசி கிடைக்கவில்லை. சார் தானே கட்டிய சின்ன ரிசீவர் ஒன்றைப் பேட்டரியில் இணைத்தார். அந்த மாதம் அந்தமானிலிருந்து ஒரு ஹாம் குழு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், வி.யு.2 ஆர்.பி.ஐ., தலைமையில் போர்ட் பிளேர் போன குழு. வி.யு.4 என்று தொடங்கும் அந்தமானின் அழைப்புக்குறி காற்றில் கேட்பதே அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க ஹாம்கள் அவர்களோடு ஒரு வார்த்தை பேச வரிசையில் நின்ற மாதம் அது. கடல் ஏறிய அன்றே அந்தக் குழு அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் செய்தி கடத்தும் வேலையில் இறங்கியது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பெயர்களும் ஊர்களும் வந்தன. சார் பழைய தந்திக்காரரின் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார். எங்களிடமும் சொல்ல வேண்டிய பெயர்கள் இருந்தன. திருப்பிப் பேச ரிக் இல்லை. ஐப்பசியில் போன ரிக் மார்கழியில் தேவைப்பட்டது. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் பிடிவாதமெல்லாம் அந்தக் காலையில் வந்தது.

மறு வருஷம் பழைய ரிக் ஒன்று வாங்கினோம். அது வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எர்த் வேலை முடிய வேண்டும் என்றார் சார். மற்ற ஊர்களில் எர்த் குழி என்றால் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றிலும் உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் மண்ணுக்கு உப்புப் போட வேண்டியதே இல்லை. சில அடியிலேயே உவர்நீர் ஊறும். மின்சாரம் இறங்க இதைவிட நல்ல மண் கிடைக்காது. ஆனால் அதே உப்பு குழாயைத் தின்றுவிடும். வாசல் பக்கத்துப் பழைய குழாயைத் தோண்டி எடுத்தபோது மண்ணுக்கடியில் பாதிக்கு மேல் துருவாகி, கையால் ஒடிக்க முடிந்தது. மேலே தெரிந்த பகுதி பளபளப்பாகவே இருந்தது. வெளியே பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. எலெக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்ப்பார்கள். பல்பு மங்கினால் எர்த் போய்விட்டது என்று தெரியும். பல்பு எரிந்துவிட்டது என்பதற்காக மின்னலுக்கும் அது போதும் என்று ஆகிவிடாது.

தடித்த சுவருள்ள குழாய்கள் இறக்கினோம். வாசல் எர்த்தையும் கொல்லை எர்த்தையும் வீட்டைச் சுற்றி அகலமான செம்புப் பட்டையால் இணைத்தோம். செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் உவர்மண்ணில் தொட்டுக்கொண்டால் துத்தநாகம் முதலில் அரித்துப்போகும். அதனால் இணைப்புகளைத் தரைக்கு மேலே, ஈயம் பூசிய லக் வைத்து, பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தோம். மாடியறை ரிக்கைக் கீழறைக்கு மாற்றினோம். சாருக்கு அந்த மாடியை விட மனமில்லை. ஆனால் கணக்கு அப்படி. நேரான கம்பியில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். மின்னோட்டம் ஒரு மைக்ரோநொடிக்கு 10,000 ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறினால், அந்த ஒரு மீட்டரின் இரு முனைகளுக்கு நடுவில் 10,000 வோல்ட் நிற்கும். மாடியிலிருந்து ஐந்து மீட்டர் இறங்கும் எர்த் கம்பி, அந்தக் கணத்தில் எர்த்தே அல்ல. கம்பி எவ்வளவு தடிமன் என்பதைவிட எவ்வளவு குட்டை, எவ்வளவு நேர் என்பதுதான் முக்கியம். அழகுக்காகச் சுவரோடு வளைத்து வளைத்து அடித்த எர்த் கம்பிகளைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஒவ்வொரு வளைவும் இடியைத் தயங்கவைக்கும். தயங்கும் இடி பக்கத்தில் வேறு வழி பார்க்கும்.

கீழறை ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்புத் தகடு பதித்தோம். உள்ளே வரும் எதுவும் அதைத் தொடாமல் வரக்கூடாது என்பது சட்டம். ஆண்டெனா கேபிளில் வாயுக்குழாய் அரெஸ்டர், அது அந்தத் தகட்டில். தொலைபேசிக் கம்பியின் பாதுகாப்பும் அங்கே. மெயின்ஸ் கம்பியின் சர்ஜ் பெட்டியும் அங்கே. தகட்டிலிருந்து நேர் கீழே எர்த் குழாய், ஒரு முழ தூரம்கூட இல்லை. இடி வந்தால் தகடு முழுவதும் சேர்ந்து உயரும். ரிக்கின் எல்லாக் கம்பிகளும் அதோடு சேர்ந்து உயரும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ரிக் வழியாகப் பாய எதற்கும் காரணமில்லை.

“கரண்டை மறிக்கப் பார்க்காதே தம்பி. வடிகால் வெட்டி விடு. வயலுக்குச் செய்யறதுதான்” என்பார் சார். டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சர்ஜ் பெட்டி என்று பெரிதாகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது காசு அளவு வட்டமான வாரிஸ்டர்கள் மூன்று. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒன்று, பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. துத்தநாக ஆக்சைடு துகள்களை அழுத்திச் சுட்ட வில்லை அது. சாதாரண மின்னழுத்தத்தில் அது இருப்பதே தெரியாது. எல்லை தாண்டினால் கண்மூடித் திறப்பதற்கும் வெகு முன்னதாகவே கடத்தியாகி, அதிகப்படியை எர்த்தில் தள்ளிவிடும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். தேயத் தேயக் கசிவு கூடும், சூடாகும், கடைசியில் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் முன்னால் ஃப்யூஸும், வில்லையை ஒட்டி வெப்பத்தில் அறுந்துவிடும் ஃப்யூஸும் இல்லாத பெட்டியை நான் வீட்டில் வைக்கச் சொல்லமாட்டேன். 230 வோல்ட்டுக்கென்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 275 வோல்ட் வாரிஸ்டர். நடுராத்திரியில் லோடு குறைந்து 260-ஐத் தொடும் ஊர்களில் அது எப்போதும் விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கும். நாங்கள் 320 போட்டோம். பாதுகாப்பு சற்றுத் தளர்ந்தாலும் ஆயுள் கூடும்.

ஃபில்டர் விஷயத்தில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது திருத்துறைப்பூண்டி நண்பர் வீட்டு அனுபவம். நல்ல ஃபில்டர் ஒன்று வாங்கி ரிக்குக்கு முன்னால் போட்டிருந்தார். போட்ட நாளிலிருந்து, வெறுங்காலோடு ரிக்கைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஃபில்டர் கெட்டது, கழற்றிவிடப் போகிறேன் என்றார். போய்ப் பார்த்தால் அந்த வீட்டு மூன்றாவது பின்னுக்குப் பின்னால் கம்பியே இல்லை. ஃபில்டருக்குள் பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு சிறு கெப்பாசிட்டரும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு அதே அளவு இன்னொன்றும் இருக்கும். இரைச்சலை மண்ணுக்கு அனுப்புவது அவைதான். மண்ணுக்குப் போகும் கம்பி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட்டு, 115 வோல்ட்டைப் பெட்டியின் உடம்பில் கொண்டுவந்து நிறுத்திவிடும். 4700 பிக்கோஃபாரடு கெப்பாசிட்டர் வழியாக ஒரு மில்லி ஆம்பியரின் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும், ஆளைக் கொல்லாது, ஆனால் நன்றாக உணர்த்தும். நண்பரின் ஃபில்டர் கெடவே இல்லை. அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதை அது தினமும் அவர் விரல் நுனியில் சொல்லிக்கொண்டிருந்தது. எர்த் போட்டோம். சுருக்கும் போனது, இரைச்சலும் போனது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஃபில்டர் என்ன விலை என்று யார் கேட்டாலும் எர்த் எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன்.

கெப்பாசிட்டருக்குத் துணை ஃபெரைட். மூன்று கம்பியுள்ள மெயின்ஸ் கேபிளை அப்படியே ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும், வளையம் அவற்றைக் கண்டுகொள்ளாது. மூன்று கம்பிகளிலும் ஒரே திசையில் ஒட்டிக்கொண்டு வரும் ரேடியோ அழுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும். சுற்றை இரட்டிப்பாக்கினால் தடை நான்கு மடங்கு. இன்று 31 ரகம் என்று கேட்டு வாங்கலாம். அன்று பழைய டெலிவிஷன்களின் பிக்சர் டியூப் கழுத்திலிருந்து கழற்றிய யோக் வளையங்களைக் காயலான் கடையில் பொறுக்கினோம். சென்னை போனால் ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுக்க அலைவோம். ரிக்கின் சிக்னல் அளவைக் காட்டும் எஸ் மீட்டரில் எட்டில் நின்ற இரைச்சல் மூன்றுக்கு இறங்கிய நாளில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல், அதாவது மின்னழுத்தம் பாதி. ஐந்து படி இறங்கினால் இரைச்சலின் திறன் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சுமத்ராவில் யாரோ சின்ன ரிக்கில் மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்தார், அது கேட்டது.

அதே வளையங்கள் வேறு பக்கமும் உதவின. ஆடி மாதம் பக்கத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுக்கு நடுவே என் குரல் உருக்குலைந்து வரத் தொடங்கியது. பூசாரி வீட்டம்மா, “என்ன தம்பி, ஆத்தா கோயில்ல வந்து பேசறீங்க” என்று கேட்டுக்கொண்டே படியேறினார். மரத்துக்கு மரம் கட்டிய நீண்ட ஸ்பீக்கர் ஒயர்கள் 7 மெகாஹெர்ட்ஸுக்கு நல்ல ஆண்டெனா ஆகியிருந்தன. ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் மைக் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், மெயின்ஸ் மூன்றிலும் வளையம் போட்டோம். சத்தம் நின்றது. சைக்கிளில் மைக்செட் கட்டும் பையன் அடுத்த வருஷமும் அந்த வளையங்களைக் கேட்டு வாங்கிப் போனான். உள்ளே வருவதைத் தடுக்கும் ஃபில்டர் வெளியே போவதையும் தடுக்கும். அக்கம்பக்கத்தின் நிம்மதி ஹாமின் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன்.

சர்ஜ் பெட்டியால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கோடை இரவு தெருவிளக்குகள் திடீரென்று வெளுத்தன, ஃபேன் பறந்தது. அடுத்த தெருவிலோ பல்புகள் மங்கி இழை சிவந்தன. கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்து அறுந்திருந்தது. நியூட்ரல் போனால் மூன்று பேஸ்களின் நடுப்புள்ளி மிதக்கத் தொடங்கும். லோடு அதிகமுள்ள பேஸில் மின்னழுத்தம் விழும். லோடு குறைந்த பேஸில் அது 400-ஐ நோக்கி ஏறும். எங்கள் தெரு ஏறும் பக்கத்தில் இருந்தது. வாரிஸ்டர்கள் புகைந்து கருகின. மைக்ரோநொடிக் கணக்கில் வருவதை விழுங்கப் படைத்த வில்லையால் நிமிடக்கணக்கில் நிற்கும் 350 வோல்ட்டை என்ன செய்ய முடியும்? ஃப்யூஸ் அறுந்ததால் தீ பரவவில்லை. ரிக் பிழைத்தது, பிளக் கழன்றிருந்ததால். தெருவில் பல வீடுகளில் டி.வி. போனது. அதற்குப் பிறகு 270 வோல்ட்டைத் தாண்டினால் வீட்டையே துண்டித்துவிடும் ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்றை மெயினில் சேர்த்தேன். டெல்டாவில் சொந்த வீடு வைத்திருக்கும் யாரும், ரேடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

2012-ல் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத மாதங்கள் வந்தன. ஊரோடு சேர்ந்து நாங்களும் வியர்த்தோம். ஆனால் மின்சாரம் நின்ற நொடியில் ரேடியோ பேண்ட் திறந்துகொள்ளும். அதுவரை சார்ஜர்களும் சி.எஃப்.எல். பல்புகளும் ரெகுலேட்டர்களும் போட்டு மூடியிருந்த இரைச்சல் இறங்க இறங்க, அதற்கும் கீழே எத்தனை நிலையங்கள் இருந்தன என்று தெரியும். எவ்வளவு ஃபில்டர் போட்டாலும் அந்த அமைதி முழுமையாகக் கிடைத்ததில்லை. ஏதாவது ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும்வரைதான் அது நீடிக்கும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்கள் தெருக் கம்பியைவிட மோசமாக இரைந்தன.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் தலைமேல் கரையேறியது. விடிந்தபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, தென்னந்தோப்புகள் படுத்திருந்தன. டைபோல் ஆண்டெனா கட்டியிருந்த இரண்டு தென்னைகளும் இல்லை. ரிக் மேஜை மேல் அப்படியே இருந்தது. மிச்சக் கம்பியைப் புங்கமரத்துக்கும் மாடிக் கைப்பிடிக்கும் நடுவில் இழுத்துக் கட்டி, பேட்டரியில் இணைத்து, 7 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டேன். பதில் உடனே வந்தது. அந்த நாட்களில் கடற்கரை நெடுகிலும் மின்சாரமே இல்லாததால் காற்றில் துளி இரைச்சல் இல்லை. யார் எங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்று வெளியூர் உறவுகளுக்குச் செய்தி சொல்ல வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 2004-ல் சாரால் அனுப்ப முடியாமல் போனதைப் போன்ற பெயர்களை இந்த முறை ஒவ்வொன்றாக அனுப்பினேன். சார் அப்போது இல்லை, காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது.

மின்சாரம் திரும்பி வந்த வாரத்தில் தெருவே கைதட்டியது. நான் ரிக்கை மெயின்ஸில் போடவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் இரவும் பகலுமாகப் புதுக் கம்பங்கள் நட்டு, புதுக் கம்பிகள் இழுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் எந்த இணைப்பும் இன்னும் இறுகியிருக்காது, பேஸ்களில் லோடு சமமாகப் பிரிந்திருக்காது. வோல்ட்மீட்டரை மாட்டி வைத்து, அலைபாய்ச்சல் அடங்கிய பிறகுதான் பிளக்கைச் செருகினேன்.

இப்போது புதுக் கம்பங்களில் இன்சுலேட்டர்களும் புதிது, விடியற்காலைச் சீறல் குறைந்திருக்கிறது. அதன் இடத்துக்கு எல்.இ.டி. பல்புகள் வந்துவிட்டன. மலிவான பல்பின் டிரைவரில் ஃபில்டருக்கென்று வைக்க வேண்டிய சில ரூபாய்ப் பாகங்களை விட்டுவிடுகிறார்கள். சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முனகலாகப் பேண்ட் முழுக்க அடிக்கும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பல்பையும் ரிக்கின் முன்னால் எரியவிட்டுக் கேட்டுத்தான் மாட்டுகிறேன். சென்ற வருஷம் பக்கத்து வீட்டில் கூரைமேல் சோலார் போட்டார்கள். பகல் முழுக்க 7 மெகாஹெர்ட்ஸ் போய்விட்டது. இன்வெர்ட்டருக்கும் பலகைகளுக்கும் நடுவில் ஓடும் டி.சி. கம்பிகள்தான் ஆண்டெனா ஆகியிருந்தன. அந்த வீட்டு அண்ணன் தங்கமானவர், ஏணியைத் தானே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். பிளஸ், மைனஸ் இரண்டு கம்பிகளையும் சேர்த்து 31 ரக வளையங்களில் சுற்றினோம். இன்வெர்ட்டரின் எர்த் கம்பி மொட்டைமாடித் தூணிலேயே முடிந்திருந்தது. அதை எடுத்து அவர்கள் வீட்டு எர்த்தோடு சேர்த்தோம். 7-இல் இரைச்சல் எஸ் இரண்டுக்கு வந்துவிட்டது. 14 மெகாஹெர்ட்ஸில் இன்னும் ஐந்து நிற்கிறது. அதற்குச் சுற்றுகளைக் குறைத்து வளையங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும், ரிச்சி தெருவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.